காற்றுக் கட்டத்தில் பூஜ்யம்

எங்கள் வானிலை நிலையத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஜனவரி பிறந்துவிட்டால், பதிவேட்டில் காற்றுக் கட்டத்தை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவோம். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, பூஜ்யம் பூஜ்யம் என்று ஒரே இழுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தலைவர் அப்படித்தான் செய்தார். அவர் போன பிறகு நானும் கூட வேலை பார்த்த தெரெந்தேயும் பத்தொன்பது வருஷம் அப்படியே செய்தோம்.

அதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. சஸில்கோல் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் காற்று கிடையாது. புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை கம்பம் நட்ட மாதிரி நேராக நிற்கும். கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் இருபது டிகிரிக் குளிரில் காற்றோடு பட்ட பாட்டைச் சொன்னால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எங்கள் ஐம்பது உங்கள் இருபதைவிட மேல் என்போம். இங்கே யாரும் மைனஸ் என்று சொல்வதுகூட இல்லை. ஐம்பது என்றால் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதுதான், மேலே ஐம்பது என்று ஒன்று இருப்பதை எவன் கண்டான்.

அந்தப் பெருமைதான் எங்கள் கண்ணை மறைத்தது.

குளிர் ஐம்பதைத் தொட்டால் வெளிவேலை நிறுத்தம். அதுதான் சட்டம். காற்றும் இருந்தால், அதன் வேகத்தில் நொடிக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு டிகிரி கூட்டிக் கணக்குப் போட வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் டிராக்டர் கொட்டகைக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்வது நிலையத்தின் பொறுப்பு. நான் சொன்னால் ஆட்கள் போவார்கள், நான் சொன்னால் நிற்பார்கள். ஊரில் ஒக்தோ என்றால் அதனால் கொஞ்சம் மரியாதை. எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

எழுபத்து நாலாம் வருஷம், ஜனவரி இருபத்திரண்டு. அதற்கு முந்தின மூன்று நாளும் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு. யாரும் வேலைக்குப் போகவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு வெப்பமானிக் கூண்டைத் திறந்து பார்த்தால் நாற்பத்தாறு. கம்பத்தின் உச்சியைப் பார்த்தேன். அங்கே ஒரு இரும்புத் தகடு தொங்கும். காற்றடித்தால் அது தூக்கிக்கொள்ளும், பக்கத்து வளையத்தில் எந்தப் பல்லுக்கு நேராக நிற்கிறதோ அதுதான் காற்றின் வேகம். தகடு அசையவில்லை. அதன் கீல் முழுக்க மூன்று நாள் பனி பொருக்குக் கட்டி இருந்ததும் தெரிந்தது. ஏறித் தட்டிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன்.

வேலியோரம் சேமென் நின்றிருந்தான். மின்கம்பி போடுகிறவர்களுக்கு மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவன். நாலு வருஷத்துக்கு முன்பு வரை ஊரிலேயே பெரிய குடிகாரன். அப்புறம் ஒருநாள் விட்டான், விட்டது விட்டதுதான். அவன் வீடு நிலையத்துக்குக் கீழே, முதல் வீடு. அதனால் போன் வரும்வரை காத்திருக்க மாட்டான், நேரே வந்து கேட்டுவிடுவான்.

"அக்கா, இன்னிக்கு என்ன? வேலையா, தூக்கமா?"

"நாப்பத்தாறு. மூணு நாளா குறட்டை விட்டது போதும், கெளம்பு."

"ஒரே ராத்திரில ஏழு டிகிரி கொறைஞ்சிருச்சா?"

"ஒனக்குப் புடிக்கலன்னா சொல்லு, திருப்பிப் போட்டுடறேன்."

சிரித்தான். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இல்லக்கா, பொகையெல்லாம் சாயுது பாரு. கண்ணுல தண்ணி வருது. மூச்சுச் சத்தமும் கேக்கல."

காற்றசையாத கடும் குளிரில் நாம் விடுகிற மூச்சு காதோரமே உறைந்து, தானியம் கொட்டுகிற மாதிரி சரசரக்கும். அந்தச் சத்தம் அன்று இல்லைதான். எனக்கும் கேட்கவில்லை. என் கன்னத்திலும் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது.

"கண்ணுல தண்ணி வந்தா ஒன் பொண்டாட்டி மாயிஸ்கிட்ட போயித் தொடைச்சுக்க," என்றேன். "என் தகடு அசையல. தகடு சொல்றதுதான் காத்து."

"சரி தாயே, ஒன் தகடு சொன்னா சரி." கையை ஆட்டிவிட்டுப் போனான்.

மதியம் பன்னிரண்டுக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. ஏணியில் ஏறி, மரக்கட்டையால் கீலைத் தட்டினேன். பொருக்கு உதிர்ந்தது. தகடு விருட்டென்று மேலே போய் நின்றது. ஏழு மீட்டர். கீழே விழவே இல்லை. ஏணியிலேயே நின்றபடி மனக்கணக்குப் போட்டேன். நாற்பத்தாறும் பதினாலும் அறுபது.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் பதிவேட்டில் அழிப்பான் தொடக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுத வேண்டும். அடித்தது அப்படியே தெரியும். மாசக் கடைசியில் மாவட்டத்திலிருந்து ஆள் வந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பார். காற்றுக் கட்டத்தில் மட்டும் ஏன் அடித்தல் என்று கேட்பார். பார்க்காமலே எழுதி வைத்தாயா என்று அடுத்த கேள்வி வரும். பத்தொன்பது வருஷம் ஒரு பேச்சு வாங்காத கை. சாயங்காலத்துக்குள் காற்று தானே அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே வந்து போனை எடுத்தேன். "நாப்பத்தாறு. காத்து இல்ல," என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

இரண்டு மணிவாக்கில், ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மலை இடுக்கு வாயில் சேமெனின் டிராக்டர் நின்றுபோனது. எஞ்சின் நின்ற டிராக்டர் பத்து நிமிஷத்தில் ஐஸ் பெட்டி. அவன் நடக்கத் தொடங்கினான். அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. குதிரை மேய்க்கிறவர்கள் சாயங்காலம் அவனைக் கண்டெடுத்தபோது அவன் தன் வீட்டிலிருந்து அறுநூறு அடி தூரத்தில் கிடந்தான். தொப்பி இல்லை. மேல்கோட்டு திறந்து கிடந்தது. டிராக்டர் இருக்கைக்கு அடியில், பிரேக் குழாய் உறையாமல் இருக்க ஊற்றுகிற சாராயப் புட்டி பாதி காலியாக இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பழைய குடிகாரன், பாதிப் புட்டி, திறந்த கோட்டு. மறுநாளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாதிப் புட்டி பிரேக்குக்குப் போயிருக்கும் என்றோ, உறைகிற உடம்பு கடைசியில் கொதிக்கிற மாதிரி தோன்றி ஆளே கோட்டைத் திறந்துவிடுவான் என்றோ யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணைக் குழு வந்தது. தலைவர் கொர்னில் வசீலிச், மாவட்டத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. கோப்பு சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்படுகிறவர். கூட வந்தது ரிம்மா. யாகுத்ஸ்க் நகரத்தில் குளிரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், எங்கள் சகா இனத்துப் பெண்தான். யாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. எட்டு வருஷமாகக் குளிர்காலத்தில் வருவார், என் வீட்டில்தான் தங்குவார். ஒரு செம்புக் குடுவையில் உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றி, எங்கள் முற்றத்தில் தொங்கவிட்டு, சூடு எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு போகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுவார். மனுஷன் உடம்பும் அப்படித்தான் சூட்டை இழக்கும் என்பார். அதிலிருந்து ஓர் அட்டவணை போட்டிருந்தார். இத்தனை டிகிரியில், இப்படி உடுத்திய ஆள், இவ்வளவு நேரம் நடக்கலாம் என்று. பள்ளத்தாக்கு முழுக்க எல்லாக் கொட்டகையிலும் அது ஆணியடித்துத் தொங்கியது. அதில் காற்றுக்கு இடமே கிடையாது. என் பதிவேட்டைப் பார்த்துத்தானே போட்டார்.

விசாரணை ஊர் மன்றத்தில் நடந்தது. கொர்னில் வசீலிச் நான் நிலையத்திலிருந்து எழுதிக் கொடுத்த சான்றிதழைப் படித்தார்: குளிர் நாற்பத்தாறு, காற்று பூஜ்யம். பிறகு அட்டவணையைப் படித்தார். காற்றில்லாத நாற்பத்தாறில், தோல் கோட்டும் மான் தோல் காலணியும் போட்ட ஆள் மூன்று மணி நேரம் நடக்கலாம். சேமென் நடந்தது ஒன்றரை மணி நேரம்.

"தெளிவா இருக்கும்மா," என்றார் மாயிஸிடம். "ஒழுங்கா இருந்த மனுஷன் இந்த நேரத்துல உறைய மாட்டான்."

சேமெனின் மனைவி மாயிஸ் எழுந்து நின்றாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அவர் குடிக்கல."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன். நாலு வருஷமா அவர் வாயை தினம் மோந்து பாத்தவ நான். வேற யாரு சொல்லணும்?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மாயிஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். "நீ சிரிக்கிறியா? ஒன் கல்யாணத்தன்னிக்கு ஒன்னைப் பன்னித் தொட்டிலேர்ந்து தூக்கிட்டு வந்தது யாரு, நீயே சொல்லு." அவன் வாய் மூடினான். நான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கல்லு மாதிரி.

அன்று சாயங்காலம் ரிம்மா என் பதிவேட்டை மேசையில் விரித்தார். நான் உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"ஒக்தோ, இருபத்தொண்ணாம் தேதி ராத்திரி ஐம்பத்திமூணு. காலைல நாப்பத்தாறு. மேகம்னு ஒண்ணும் எழுதல. காத்தும் இல்ல. அப்புறம் எப்படிக் குளிர் கொறைஞ்சது?"

"கொறைஞ்சது, அவ்வளவுதான்."

"தானா கொறையாது. பள்ளத்தாக்கோட அடியில குளிர் தேங்கிக் கெடக்கு. மேல அவ்வளவு குளிர் இல்ல. காத்து வந்து கலக்கினாத்தான் கீழ குளிர் கொறையும்." விரலால் பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளினார். "போன வருஷமும் இப்படி ஒரு நாள். அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு நாள். எல்லாத்துலயும் பூஜ்யம்."

கத்தியைக் கீழே வைத்தேன். வேறு வழி இல்லை. காலையில் தகடு உறைந்திருந்ததையும், கட்டத்தை முன்னாலேயே நிரப்புகிற பழக்கத்தையும் சொன்னேன். மதியத்தைச் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை.

ரிம்மா பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அப்புறம் கேட்டார், "எத்தனை பூஜ்யம் பொய்?"

"தெரியாது. நெஜமான பூஜ்யமும் நெறைய இருக்கும். எது எதுன்னு எனக்கே தெரியாது."

"எட்டு வருஷம், ஒக்தோ." குரல் உயரவில்லை, ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நீ எழுதினதை நம்பி நான் எழுதினேன். நான் எழுதினதை நம்பி ஆளுங்க நடந்தாங்க." பிறகு தன்னைத்தானே திட்டுகிற மாதிரிச் சொன்னார், "நானும் நல்ல குளிர் நாளாப் பாத்துத்தானே வந்தேன். குளிர் கொறைஞ்சா மூட்டை கட்டிட்டேன். கொறையற நாள்தான் ஆளைக் கொல்லுற நாள்னு எனக்குத் தோணலையே."

அன்று நான் சீவின மீனை யாரும் தொடவில்லை.

குழுவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று மறுநாள் தெரெந்தேயிடம் சொன்னேன். அவன் கையெழுத்தும் அதே பக்கங்களில் இருக்கிறது, சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை. கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒனக்கு மனசு அரிச்சா சொறிஞ்சுக்க. என் வயித்துல ஏன் அடிக்கிற?"

"நான் போட்ட பூஜ்யத்தை மட்டும்தான் சொல்லப்போறேன்."

"ஒன் பூஜ்யம் தனியா பேசுமா? என்னுது பக்கத்துலயே ஒக்காந்திருக்கே." எழுந்து போய்க் கதவருகே நின்றான். "செத்தவனுக்கு நீ என்ன பண்ணப்போற? உயிரா குடுக்கப்போற?"

"பேரு குடுப்பேன்."

"நல்லா குடு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் அவன் பேரைச் சொல்லிப் பிச்சை எடுக்கலாம்," என்று போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

பனிமூட்டத்தில் விமானம் இறங்கவில்லை. குழு ஊரிலேயே மாட்டிக்கொண்டது. அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, குளிர் குறைகிற நாளுக்காகக் காத்திருந்தோம். குழு வந்த ஐந்தாம் நாள் காலையில் ஐம்பத்திரண்டு நாற்பத்தைந்தாகக் குறைந்தது. ஊரில் ஆட்கள் குளிர் விட்டது என்று சந்தோஷமாக வெளியே வந்தார்கள். நானும் ரிம்மாவும் குதிரைச் சறுக்குவண்டியில் மலை இடுக்குப் பக்கம் போனோம்.

வழியில் சேமென் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடுக்கு வாயில் ரிம்மா ஒரு கழியை நட்டு, குடுவையைத் தொங்கவிட்டார். நான் கைக்காற்றுமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மீட்டர், சில சமயம் எட்டு. காற்று சத்தமே போடவில்லை, அதுதான் கொடுமை. கத்தியை மெதுவாக வைத்து இழுக்கிற மாதிரி இருந்தது. எங்கள் முற்றத்தில், அசையாத ஐம்பது டிகிரியில், குடுவையின் சூடு பாதியாகக் குறைய முப்பத்தோரு நிமிஷம் ஆனது. இங்கே நாற்பத்தைந்தில் பதினோரு நிமிஷம். ரிம்மா நம்பவில்லை. வண்டியில் கொண்டுவந்த வெந்நீரை மறுபடி ஊற்றினார். பத்து. மறுபடி ஊற்றினார். பதினொன்று.

அவர் கன்னத்தில் தோல் உறைந்து வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. கையுறையைக் கழற்றி என் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். அப்படியே நின்றபடி சொன்னார், "என் அட்டவணைப்படி அவன் வீடு போய்ச் சேர்ந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு, தெரிஞ்சவன் வீட்டுக்கும் ஒரு நடை போயிட்டு வந்திருக்கலாம்."

அன்று மதியமே குழுவைக் கூட்டச் சொன்னார். மன்றத்தில் பாதி ஊர் இருந்தது. மாயிஸ் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து பதிவேட்டுப் பழக்கத்தைச் சொன்னேன். ரிம்மா மூன்று அளவையும் படித்தார். "என் அட்டவணை தப்பு. இன்னிலேர்ந்து அதைத் திரும்ப வாங்கிக்கறேன். எல்லாக் கொட்டகையிலும் கழட்டச் சொல்லுங்க," என்றார். எட்டு வருஷ உழைப்பை அவர் இரண்டு வரியில் கீழே வைத்துவிட்டார். நான் அப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

கொர்னில் வசீலிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிம்மா கவ்ரீலவ்னா, நீங்க அளந்தது இன்னிக்கு அடிச்ச காத்தை. அன்னிக்கு அடிச்சதுக்கு என்ன சாட்சி? தகடு உறைஞ்சிருந்துச்சுன்னா காத்து இருந்துச்சுன்னு அர்த்தமா? இல்லாமலும் இருந்திருக்கலாம்ல?"

ரிம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கொர்னில் வசீலிச் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மன்றத்தில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். பேசாமல் உட்கார்ந்தால், மறதியும் சோம்பலும் மட்டும் என் கணக்கில் நிற்கும். மனுஷனுக்கு வராததா அது, மன்னித்துவிடுவார்கள். சேமென் குடிகாரனாகவே மண்ணுக்குள் கிடப்பான்.

"நான் சாட்சி," என்றேன். "காத்து ஏழு மீட்டர். நான் என் கண்ணால பாத்தேன்."

"எப்ப?"

"அன்னிக்கு மதியம். பன்னெண்டு மணிக்கு. தகட்டைத் தட்டிவிட்டேன், மேல போயி நின்னுச்சு."

"அப்புறம் ஏன் பூஜ்யம்?"

"ஏற்கனவே எழுதி வச்சிருந்தேன். அடிச்சு எழுதினா மாட்டிக்குவேன்னு பயந்தேன். கொட்டகைக்குப் போன் போட்டு காத்து இல்லன்னு சொன்னேன். அப்ப அவன் டிராக்டர் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நான் உண்மையைச் சொல்லியிருந்தா ஆள் அனுப்பித் திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பாங்க." இவ்வளவு சொன்னவள் மிச்சத்தையும் சொன்னேன். "காலைல அவனே எங்கிட்ட சொன்னான், காத்தடிக்குதுன்னு. நான் கிண்டல் பண்ணினேன்."

நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. மாயிஸ் எழுந்து, என் பக்கம் திரும்பாமல், கதவைத் திறந்து வெளியே போனாள். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. என்மேல் வழக்குப் போடலாமா என்று மாவட்டத்தில் பேசினார்களாம், விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. நிலையத்து வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள். தெரெந்தேயைக் கண்டித்து எழுதி, அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் நிம்மதி. ரிம்மா விமானம் ஏறும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த குளிர்காலத்திலிருந்து தினமும் தகட்டைத் தட்டிவிட வேண்டும், காற்றை நேரில் பார்த்தபிறகே எழுத வேண்டும் என்று எல்லா நிலையத்துக்கும் உத்தரவு போனது.

ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை. கடையில் ரொட்டி வாங்கப் போனால் வரிசை விலகி வழிவிடும். மரியாதைக்கு விலகுகிறதும் வெறுத்து விலகுகிறதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், விலகப்படுகிறவளுக்குத் தெரியும். நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. மாயிஸ் வீட்டுப் பக்கம் மட்டும் போகத் தைரியம் வரவில்லை. அவள் வந்து என் முகத்தில் துப்பினால் துடைத்துக்கொள்ளக்கூடாது என்று தீர்மானம் செய்து வைத்திருந்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் அவளே வந்தாள். நான் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வந்தவள் உட்கார் என்று சொல்லக் காத்திருக்கவில்லை, பெட்டி ஓரத்திலேயே உட்கார்ந்தாள். கையில் மாவட்டத்து முத்திரை போட்ட ஒரு காகிதம்.

"படிச்சியா?"

"இல்ல. எனக்கு அனுப்பல."

"போதையில் இருந்தார்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல, காத்தும் குளிரும் சேர்ந்துதான் சாவுக்குக் காரணம்னு எழுதியிருக்கு." காகிதத்தை மடியில் வைத்து நீவினாள். "ஒனக்கு நன்றி சொல்ல வரல."

"தெரியும்."

"என்ன தெரியும் ஒனக்கு? ஒண்ணும் தெரியாது." குரல் கரகரத்தது. "குழி தோண்ட ரெண்டு நாள் தீ மூட்டி மண்ணை எளக்கினாங்க. எறக்கினாங்க. மூடினாங்க. நான் ஒரு சொட்டு அழலக்கா. ஊரு என்னை அழுத்தக்காரின்னுச்சு. எனக்கு அழுகையே வரல, கோவம்தான் வந்துச்சு. பாவி, நாலு வருஷம் தொடாம இருந்துட்டு இப்ப தொட்டுட்டியேன்னு. அந்தப் பாதிப் புட்டியைப் பாத்ததும் நான் நம்பிட்டேன். மன்றத்துல எல்லார் முன்னாடியும் அவர் குடிக்கலன்னு கத்தினேன்ல, அப்பக்கூட நான் சொன்னதை நானே நம்பல. ராத்திரி தனியா இருக்கறப்ப அவரைத்தான் திட்டினேன். பதினேழு நாள். செத்துக் கெடக்கற மனுஷனை, பதினேழு நாள்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"ஒன்னைத் திட்டணும்," என்றாள். "அதுக்குத்தான் கெளம்பி வந்தேன். இன்னிக்கு முடியல. நாளைக்கு வந்து திட்டறேன். இன்னிக்கு நான் அழணும். என் வீட்டுல கொழந்தை இருக்கு, அங்க முடியாது. வேற எங்க போவேன்?"

சொல்லி முடிக்கும் முன்பே குனிந்து, முகத்தை அந்தக் காகிதத்திலேயே புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவளைத் தொடவில்லை. வெளியே வெளிச்சம் போகும்வரை அழுதாள், பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சொன்னபடியே வந்தாள். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று, தெரு முழுக்கக் கேட்க என்னைத் திட்டினாள். நான் வெளியே வந்து நின்று கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை.